முகவரி மோதல்

ஒன்பது அடித்தால் லைன் போய்விடுகிறது.
புது ரௌட்டர் வந்த மூன்று நாளாக இதே கதை.
ஜெலுத்தோங், பதினான்காம் மாடி.
பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை.
கணினியின் மூலையில் மட்டும்
ஒரு மஞ்சள் முக்கோணம்.

உதவி எண்ணில் ஒரு குரல்
மலாய்க்கு ஒன்றை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன்.
இருபது நிமிடம் பியானோ.
பிறகு ஒரு பையன், நம் பையன்தான்:
"அடைச்சுத் தொறந்து பாத்தீங்களாக்கா?"
பார்த்தேன் தம்பி.
"அப்படின்னா ஆள் அனுப்பணும். புதன்கிழமை,
ஒன்பதிலிருந்து அஞ்சுக்குள்ள."

பகலெல்லாம் பாயான் லெப்பாஸில்
நகக்கண் அளவுச் சில்லுகளை
லென்ஸுக்கடியில் வைத்து
இது தேறும் இது தேறாது என்று ஒதுக்குகிறவள் நான்.
இந்த வெள்ளைப் பெட்டி என்னை
புதன்வரை உட்காரவைப்பதா?

கவிழ்த்தேன்.
அடியில் ஒட்டிய காகிதத்தில்
பயனர் பெயர் அட்மின்.
கடவுச்சொல்லும் அட்மின்.
பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு புள்ளி
நூற்று அறுபத்தெட்டு புள்ளி ஒன்று புள்ளி ஒன்று.
தட்டியதும் திறந்தது
என் வீட்டுக்குள் நான் பார்த்திராத ஓர் அறை.
அங்கே ஒரு வருகைப் பதிவேடு:
என் கைப்பேசி, தொலைக்காட்சி,
தவணை முடியாத அச்சுப்பொறி,
நிலானியின் கைப்பேசி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்,
எண்ணுக்குப் பக்கத்தில் குத்தகைக் காலம்:
இருபத்து நான்கு மணி நேரம்.

பாதி நாள் போனதும் கைப்பேசி தானாகவே கேட்குமாம்,
இன்னும் இருக்கட்டுமா?
இரு என்று சொல்லுமாம் பெட்டி.
எங்கள் வீட்டுக்காரர் மிஸ்டர் கூ
ஒருநாளும் அவ்வளவு நயமாகச் சொன்னதில்லை.

நிலானிக்கு இருபது.
டியூஷன் முடிந்து ஒன்பதுக்கு வருவாள்,
செருப்பைக் கழற்றுமுன்
அவள் கைப்பேசி உள்ளே வந்து
இருபதாம் எண்ணில் உட்கார்ந்துவிடும்.

சரி, கணினிக்கு?
தேடித் தேடி, ஜன்னலுக்குள் ஜன்னலாகத் திறந்து,
ஐந்தாவது ஜன்னலில் கண்டுபிடித்தேன்.
அதற்கும் இருபது.
யாரும் கொடுத்ததில்லை, கையால் எழுதியது.
சப்நெட் மாஸ்க், நுழைவாயில்
எல்லாம் கட்டங்கட்டமாக, பிசகில்லாமல்.
பரந்தாமன் அப்படித்தான்.
"நிலையா போட்டுட்டேன். இனி மாறாது.
நீ எதையும் தொடாதே."

தொடவில்லை.
அவன் கிள்ளானுக்குப் போய் எட்டு மாதம்.
மைகார்டில் இன்னும் இந்தக் கதவு எண்தான்.
வேகமாக ஓட்டியதற்கு,
மஞ்சள் கோட்டில் நிறுத்தியதற்கு,
மறுபடி வேகமாக ஓட்டியதற்கு
சம்மன்கள் என் கதவிடுக்கில் விழுகின்றன.
எங்கே இவ்வளவு அவசரமாகப் போகிறான் என்று
ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

கையால் எழுதியதை அழித்தேன்.
நான்கு கட்டங்களும் வெளிறின.
"தானாகப் பெறுக" என்பதைத் தொட்டேன், சரி என்றேன்.
முக்கோணம் ஒருமுறை சிமிட்டிவிட்டுப் போனது.
கணினிக்கு இருபத்து மூன்று கிடைத்தது.
வெறும் இருபத்து மூன்று.
நாளைக்கு வேறாகவும் இருக்கலாம்.

அறையிலிருந்து நிலானி,
"மா, லைன் வந்துருச்சு! யாரு செஞ்சா?"
"ஆளு வந்தாரு" என்றேன்.
ஏனோ.

வெளியேறுமுன் பெட்டி கேட்டது:
அட்மின் கடவுச்சொல்லை மாற்றுகிறீர்களா?
நிலானியின் பிறந்தநாளைப் போட்டேன்.
சிவப்புக் கோடு. பலவீனம்.
தெருப் பெயரைப் போட்டேன்.
அதுவும் சிவப்பு.
தொலைக்காட்சிக்கடியில் கிடந்த
கடைசி சம்மனை எடுத்தேன்.
அதன் எண்ணில் எழுத்து இருக்கிறது, இலக்கம் இருக்கிறது,
நடுவில் ஒரு சாய்கோடுகூட.
பார்த்து ஒவ்வொன்றாக, இரண்டு முறை தட்டினேன்.

கோடு கடைசிவரை பச்சையானது.
மிக வலிமை என்றது.
காகிதத்தை நாலாக மடித்து
ரௌட்டருக்கடியில் வைத்தேன்.
ஒரு காலில் ஆடிக்கொண்டிருந்த பெட்டி
இப்போது ஆடவில்லை.